சுடும் பயிற்சிக்கு எந்த ஸ்டீல்?

ஹார்ட்னஸ் என்றால் என்ன என்ற இரண்டு மார்க் கேள்விக்கு நாம் எல்லோருமே பதிலை மனப்பாடம் செய்திருப்போம். அந்த ஹார்ட்னஸ் ஒருவருடைய கண்ணைக் காப்பாற்றுகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம்.

கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கடா உருவங்களை ஸ்டீல் தகட்டில் வெட்டி நிறுத்தி, சுட்டுச் சாய்க்கும் போட்டி மெக்சிகோவில் தோன்றி அமெரிக்காவுக்குப் பரவியது. பெரிய ரைபிள் பிரிவில் கோழி 200 மீட்டர், பன்றி 300, வான்கோழி 385, கடா 500 மீட்டர் தூரத்தில் நிற்கும். காகித இலக்கு என்றால் ஓட்டை விழுந்ததா என்று போய்ப் பார்க்கணும். ஸ்டீல் என்றால் 'டங்' என்ற சத்தமே சொல்லிவிடும். அதனால்தான் பயிற்சிக்கும் ஸ்டீலுக்கு இவ்வளவு கிராக்கி.

சரி, பட்ட தோட்டா எங்கே போகும்? ஈயத் தோட்டா சமமான, கடினமான முகத்தில் மோதினால் தூள்தூளாகச் சிதறும். அந்தத் துகள்களில் பெரும்பகுதி பிளேட்டின் முகத்தை ஒட்டியே, சுமார் 20 டிகிரிக்குள், பக்கவாட்டில் பறந்துவிடும். முகத்தில் குழி இருந்தால் கதையே வேறு. குழியின் ஓரம் துகளை வளைத்து, வந்த வழியே சுடுபவர் பக்கம் திருப்பிவிடும். ஆகவே பிளேட் ஓட்டையாகாமல் இருந்தால் மட்டும் போதாது, முகம் வழவழப்பாக இருக்கணும்.

மைல்ட் ஸ்டீல் தோற்பது இங்கேதான். நம்ம லேபில் செய்யும் பிரினெல் டெஸ்டை நினைத்துப் பாருங்கள். 10 மி.மீ. உருண்டை, 3000 கிலோ பளு. பதிந்த குழியின் விட்டம் 5 மி.மீ. என்றால் ஹார்ட்னஸ் சுமார் 143. மைல்ட் ஸ்டீல் ஏறக்குறைய இந்த ரகம். 2.75 மி.மீ. மட்டுமே பதிந்தால் சுமார் 495. ஏ.ஆர்.500 என்று விற்கப்படும் பிளேட் இந்த ரகம். சுவீடன் நாட்டு ஹார்டாக்ஸ் 500-ம் இதே வரிசைதான். டிப்பர் லாரித் தொட்டி, சுரங்க இயந்திரம் போன்றவற்றில் தேய்மானத்தைத் தாங்கப் பயன்படும் ஸ்டீல் இவை.

"நல்ல பிளேட் வாங்கியாச்சு, இனிமேல் பயமில்லை" என்று நினைத்தால் அதுவும் தப்பு. இந்த ஸ்டீலுக்கு ஹார்ட்னஸ் வந்ததே சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்ததால்தான். அதன்மேல் கேஸ் கட்டிங் டார்ச்சையோ வெல்டிங்கையோ காட்டினால் அந்த இடம் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். பெயின்ட் அடித்த பிறகு பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முதல் குழி விழுவது அங்கேதான். ஆக, பிளேட்டைக் கெடுப்பது பல நேரம் தோட்டா அல்ல, ஒர்க்‌ஷாப்!

எனவே கவனிக்க வேண்டியவை:

1. சாதாரண ரைபிளுக்கு 9.5 மி.மீ. கனமும், அதிக சக்தி உள்ளவற்றுக்கு 12.7 மி.மீ. கனமும் வழக்கம். கனத்தைக் கூட்டி ஹார்ட்னஸைக் குறைத்தால் பயனில்லை.

2. வாட்டர் ஜெட்டில் வெட்டினால் சூடே ஏறாது. லேசரில் ஓரத்தில் கொஞ்சம் மட்டும் பாதிக்கும்.

3. ஸ்டாண்டோடு சேர்த்து வெல்டிங் வேண்டாம். உருண்டைத் தலை போல்ட்டில் மாட்டலாம், சங்கிலியில் தொங்கவிடலாம். மேல்பகுதி சற்று முன்னால் சாய்ந்திருந்தால் துகள் தரைக்குப் போகும்.

4. தூரம் முக்கியம். ஐ.பி.எஸ்.சி. போட்டி விதிப்படி கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 7 மீட்டர். ரைபிளுக்குச் சுமார் 90 மீட்டராவது தள்ளி நிற்பது வழக்கம்.

5. ஸ்டீல் உள்ளீடு உள்ள தோட்டாக்கள் கூடவே கூடாது. அவை நல்ல பிளேட்டிலும் குழி போடும்.

6. ஒவ்வொரு முறையும் பிளேட்டின் முகத்தைத் தடவிப் பாருங்கள். குழியோ விரிசலோ வளைவோ தெரிந்தால் அந்த பிளேட்டை ஒதுக்கிவிடணும்.

7. சுடுபவர், பக்கத்தில் நிற்பவர் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

டிப்ளமோ முடித்துப் பட்டறைக்குப் போகும் நம்மில் ஒருவரிடம் நாளைக்கு இந்த வேலை வரலாம். டார்ச்சைப் பற்றவைக்கும் முன்பு "இது என்ன ஸ்டீல், எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நண்பர்களே!