கோடை லீவு: காலையில் சைக்கிள், மாலையில் மொட்டை மாடி

பிள்ளைப்பாக்கத்தில் குடும்பமாகச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் கம்பெனிகளின் ஷிப்ட் நேரத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் சேர்ந்து இறங்கும் வேளையில் ஒரகடம் சாலை பிள்ளைகளுக்கு ஆகாது. ஷிப்ட் எப்போது மாறும் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஞாயிறு விடியற்காலைதான் உத்தமம்.

லாரியின் இடப்பக்கம் ஒட்டி நிற்கவே கூடாது. அந்தப் பக்கம் டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கி வரும். வரிசையில் கடைசியாகப் பெரியவர் ஒருவர் வரட்டும்.

முதல் பயணத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் போதும். 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர்; ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு டிபனோடு திரும்பலாம். கால் பழகியபின் வல்லக்கோட்டை முருகன். கிருத்திகையன்று வேண்டாம், கூட்டம்.

பகலில் நிழலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டப் பழக்குங்கள். ட்யூபை வாளித் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை குமிழி விட்டுக் காட்டும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பிசுபிசுப்பு அடங்கிய பிறகே ஒட்டுத் துண்டை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். செயினுக்கு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். இந்த ஊர்ப் புழுதிக்கு அது முக்கியம்.

வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியைக் கூட்டி, நனைத்து, சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தால் கீழறையின் சூடு குறையும். சுண்ணாம்பு வேலை பெரியவர்களுடையது. கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.