தினையரிசியில் தங்கிய பகரம்

தமிழ்–கொரியச் சொற்பட்டியல் வந்து சேராத வாட்ஸ்அப் குழு இன்று அபூர்வம். அப்பா, அம்மாவைத் தாண்டியதும் அரிசிக்கு வந்துவிடுவார்கள்.

நம்பிக்கை: கொரியர்கள் அரிசியை ‘ஸ்ஸல்’ என்கிறார்கள். அது நம் ஊர்ச் சாலி நெல்தான். இங்கிருந்து கப்பலேறிப் போன சொல்.

உண்மை: இன்று காதில் விழும் ஒலியை வைத்துப் போட்ட முடிச்சு இது. கொரியர்களின் ஹங்குல் எழுத்து 1446இல் அறிவிக்கப்பட்டது. அந்த நூற்றாண்டு நூல்களில் இச்சொல்லின் முதலில் ஒரு பகரம் நிற்கிறது, ஏறத்தாழ ‘ப்ஸல்’. அதற்கும் முன்னால், 1103 வாக்கில் கொர்யோ நாட்டுக்கு (அன்றைய கொரியா) போன சீன அதிகாரி சுன் மூ, அங்கே கேட்ட 350க்கும் மேற்பட்ட சொற்களைச் சீன எழுத்தில் குறித்துவைத்தார். அரிசிக்கு அவர் எடுத்துக்கொண்டவை, போதிசத்துவரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். பொருளுக்காக அல்ல, ஒலிக்காக: முதல் எழுத்து பகரத்தில் தொடங்குகிறது, அடுத்தது சகரத்தில். ஆகவே அரிசிக்குப் புத்த சமயப் பெயர் என்று சொல்வதும் பிழை.

அந்தப் பகரம் முழுக்கச் செத்துவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கொரிய மொழியில் ‘ஜொ’ என்றால் தினை. ஜொவும் ஸ்ஸலும் சேர்ந்தால் ‘ஜொஸ்ஸல்’ என்றுதானே வரவேண்டும்? வருவதோ ‘ஜொப்ஸல்’. இந்த ஆண்டு விளைந்த புது அரிசி ‘ஹெப்ஸல்’, பசையரிசி ‘சப்ஸல்’. தனிச்சொல்லில் உதிர்ந்த ஒலி, கூட்டுச்சொல்லின் நடுவே பத்திரமாக இருக்கிறது. கடையில் சப்ஸல் கேட்கும் பாட்டி, ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய உச்சரிப்பில் ஒரு துணுக்கையும் சேர்த்தே சொல்கிறார்.

நம்பிக்கை: ஸ்ஸல் என்றால் நெல்லரிசி மட்டும்.

உண்மை: உமி நீக்கிய தானியமும் ஸ்ஸல்தான். ஜொப்ஸலை அப்படியே தமிழில் சொன்னால் தினையரிசி. வரகரிசி, மூங்கிலரிசி என்று பேசும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வயலில் நாற்று ‘மொ’, கதிரில் நெல் ‘ப்யொ’, உமி போனால் ‘ஸ்ஸல்’, வெந்தால் ‘பப்’, பானையில் அடிப்பிடித்தால் ‘நுருங்ஜி’. நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்த இடத்திலேயே அவர்களும் பிரித்திருக்கிறார்கள். ‘பப்’ சாப்பிட்டாயா என்று கேட்பதே அங்கே நலம் விசாரிப்பு.

இந்த ஒற்றுமைக்கு உறவுமுறை தேவையில்லை. நெல் விளைவித்து, குத்தி, பொங்கி உண்கிறவர்களுக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. பட்டியல் மறுபடி கைக்கு வந்தால், அனுப்புவதற்கு முன் ‘ஜொப்ஸல்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் உதடுகள் ஒட்டும். சாலியில் அவை ஒட்டுவதே இல்லை.