விரத விருந்தாளி

கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்து நண்பர் ஒருவர், 2026 செப்டம்பரில் எங்கள் வீட்டில் தங்குகிறார். அப்போது யோம் கிப்பூர் விரதமாம். அன்று என்ன சமைப்பது?
– வாசகி, பழவங்காடி

ஒன்றும் சமைக்காதீர்கள், அதுதான் உபசாரம்! நம் ஏகாதசியைப் போலப் பாலும் பழமும் கிடையாது, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. செப்டம்பர் 20 ஞாயிறு சூரியன் மறைவதற்குள் தொடங்கி, திங்கள் இருட்டியபின் முடியும். ஏறத்தாழ 25 மணி நேரம்.

உங்கள் வேலை ஞாயிறு மாலை 5 மணிக்குள். சோறு, உப்பும் காரமும் குறைந்த காய்கறி, நிறையத் தண்ணீர். கோஷர் என்ற யூத உணவு விதி பார்ப்பவரா, எந்தப் பாத்திரம் ஆகும் என்று அவரையே கேட்டுவிடுங்கள். கூச்சம் வேண்டாம்.

திங்களன்று அவர் குளிக்க மாட்டார், தோல் செருப்பு போட மாட்டார், போனைத் தொட மாட்டார். எல்லாம் விரதத்தில் சேர்த்தி. விளக்கு சுவிட்சும் போடமாட்டார் என்பதால் அறை விளக்கை முன்பே எரிய விடுங்கள். பாவமன்னிப்பு கேட்டுப் பிரார்த்திக்கும் நாள். பேச்சுக்கொடுக்காமல் விட்டால் போதும்.

மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போவதாக இருந்தால் ஞாயிறு பகலிலேயே கொச்சி சேர வேண்டும். விரதத்தில் வாகனம் ஏறக் கூடாது. முழு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் தேவை. 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டதால், ஆள் சேருமா என்று அவர் விசாரித்துக்கொள்வது நல்லது.

‘ஹேப்பி’ சொல்லாதீர்கள். “விரதம் சிரமமில்லாமல் கழியட்டும்” என்றால் மகிழ்வார். திங்கள் ஏழு மணிவாக்கில் டீயும் லேசான பலகாரமும் கொடுங்கள். அவியல், பாயசமெல்லாம் செவ்வாய் மதியத்துக்கு.