ஞானப்பல் எடுத்தபின் கன்னத்தில் டேப்

விளையாட்டு வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் நீலமும் சிவப்புமாக ஒட்டியிருக்குமே, அதே கினீசியோ டேப்தான். ஜப்பானியரான கென்சோ காசே 1970-களில் உருவாக்கியது. புதைந்த ஞானப்பல்லை எடுத்தால் கன்னம் வீங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். டேப் தோலை லேசாகத் தூக்கிப் பிடிப்பதால் தேங்கிய நீர் கழுத்துப் பக்கம் வடிய வழி கிடைக்கும் என்பது இதன் கணக்கு. சில ஆய்வுகளில் வீக்கம் குறைந்திருக்கிறது. அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட முடியாது.

செய்ய வேண்டியவை

• பல் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். ஒட்டுவது பழகிய பிசியோதெரபிஸ்டின் வேலை. பட்டையின் அடிப்பகுதி காறை எலும்புக்கு மேலே இருக்கும். விரல் விரலாக வெட்டிய நுனிகள் கன்னத்தில் விரியும்.

• தாடியை அறுவைக்கு முன்பே மழித்துவிடுங்கள். வீங்கிய கன்னத்தில் ரேசர் வைப்பது தண்டனை. எண்ணெய், பவுடர் எதுவும் தோலில் இருக்கக்கூடாது.

• முந்தைய நாளே ஒரு சிறு துண்டை முன்கையில் ஒட்டிப் பாருங்கள். அரித்தால் டேப் வேண்டாம்.

• முதல் நாள் ஐஸ்: துணியில் சுற்றி, 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் விட்டு.

• 24 மணி நேரம் கழிந்ததும் வெதுவெதுப்பான உப்புநீர். வாயில் வைத்து, தலையைச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள்.

செய்யக்கூடாதவை

• டேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். இறுக்கினால் நல்லது என்று தோன்றும், தோல்தான் கொப்பளிக்கும்.

• உறிஞ்சாதீர்கள், காறித் துப்பாதீர்கள். பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம்தான் உண்மையான கட்டு. அது பெயர்ந்தால் எந்த டேப்பாலும் பயனில்லை. இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஸ்ட்ரா வேண்டாம். சிகரெட் அறவே கூடாது.

• வீட்டில் யாராவது கிராம்பையோ மஞ்சளையோ குழிக்குள் வைக்கச் சொல்வார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

• டேப்பை வெடுக்கென்று பிய்க்காதீர்கள். எண்ணெய் தடவி ஊறவிட்டு, முடி வளரும் திசையிலேயே மெல்ல உரியுங்கள்.

• காய்ச்சல், சீழ், மூன்று நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும் வீக்கம், காதுவரை குத்தும் வலி, வாய் நாற்றம்: இவற்றில் எது வந்தாலும் டேப்பை மாற்றி ஒட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே பல் டாக்டரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால் நேரே அவசரப் பிரிவுக்கு.