வானத்தில் என்ஜின் நின்றால்?



அமெரிக்காவில் பலர் சிறு விமானத்தைத் தாங்களே கட்டிப் பறக்கிறார்கள். பழைய முறையில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். அதில் ஓர் ஆபத்து உண்டு. ஊசி போடும்முன் ஸ்பிரிட் தடவினால் ஜில்லுன்னு இருக்குமே, அதுபோல பெட்ரோல் ஆவியாகும்போதும் குளிரும். வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், காற்றில் ஈரம் அதிகமானால் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். காற்று வழி அடைபட்டு என்ஜின் நின்றுவிடலாம்!

இதற்கு மாற்று, எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். மேலே போகப் போகக் காற்று மெலியும். சென்சார்கள் அதை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்ற அளவு பெட்ரோலைத் தெளிக்கும். கார்புரேட்டரே இல்லை, அந்தப் பனிக்கட்டியும் இல்லை.

ஆனால் கரண்ட் போனால்? பம்பும் நிற்கும், கம்ப்யூட்டரும் நிற்கும். பைக் என்றால் தள்ளிக்கிட்டு வரலாம். வானத்தில் முடியுமா? அதனால்தான் 2012-இல் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் கம்பெனி கொண்டுவந்த 912 ஐ.எஸ். என்ஜினில் பம்பு 2, ஜெனரேட்டர் 2, கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் 2. தாங்களே மாட்டுகிறவர்களும் கரண்டுக்கு 2 வழி வைக்கணும். தரையில் நன்றாக ஓட்டிப் பார்த்த பிறகே பறக்கணும்.

புதுசு மாட்டினால் மட்டும் போதாது நண்பர்களே. அது நின்றால் என்ன செய்வது என்று முதலிலேயே யோசிக்கணும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி