சொல்பவர் யார் என்று கேட்போம்

விதைநெல் வாங்கும்போது அது எந்த வயலில் விளைந்தது என்று விசாரிக்கிறோம். பூமி சூடாவதைப் பற்றிப் பேசுவோரையும் அவ்வாறே விசாரிக்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1989இல் ‘உலகக் காலநிலைக் கூட்டணி’ உருவானது. பெயரைக் கேட்டால் காலநிலையைக் காப்பவர்கள் என்றே தோன்றும். ஆனால் அதன் பின்னால் நின்றவை எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகனக் கம்பனிகள். எரிபொருட் புகையால் பூமி சூடாகிறது என்பது நிச்சயமில்லை என அது பிரசாரம் செய்தது. 1997இன் கியோட்டோ உடன்படிக்கையையும் எதிர்த்தது.

உள்ளே நடந்ததோ வேறு. அந்த விஞ்ஞான அடிப்படை மறுக்க முடியாதது என்று அதன் சொந்த ஆலோசகர்களே 1995இல் எழுதியிருந்தார்கள். மறுப்பாளரின் வாதங்கள் வலுவற்றவை என்று காட்டிய பகுதி, வெளியிடுமுன் நீக்கப்பட்டது. ஒரு வழக்கின் ஆவணங்கள் மூலம் 2009இல்தான் இது வெளியே தெரிந்தது. கூட்டணி 2002இலேயே கலைந்துவிட்டது. ஆனால் இழந்த ஆண்டுகளின் விலையை, மழையை நம்பி விதைப்பவர்களே கொடுக்கிறார்கள்.

பணம் வாங்கியதால் மட்டும் ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. ஆகவே மூன்றையும் சேர்த்தே கேட்போம்:

1. இவருக்குப் பணம் கொடுப்பவர் யார்?
2. நாம் நம்பினால் இலாபம் யாருக்கு?
3. துறையறிந்த மற்றவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்களா?