எறும்புக்கு எதுக்கு ஆராய்ச்சி? கரந்தமலை சொல்லும் பாடம்

"எறும்பை ஒழிக்க அரசாங்கம் கோடிக்கணக்குல செலவு பண்ணணுமா? கடையில ஒரு எறும்பு சாக்பீஸ் வாங்கிக் கோடு போட்டா முடிஞ்சது!" இந்தத் தலைப்பைச் சொன்னதும் கேன்டீனில் முதலில் வரும் பதில் இதுதான். நியாயமான கேள்விதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடுவோம்: எறும்புக்கு ஆராய்ச்சி தேவையா? தேவை என்றால் அரசு எதற்காகக் காசு கொடுக்க வேண்டும்?

கரந்தமலையில் என்ன நடந்தது?

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் கரந்தமலை என்று ஒரு காப்புக்காடு இருக்கிறது. 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்த மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் எறும்புகள் கூட்டம் கூட்டமாகப் பரவின. காட்டுக்குள் ஆடு, மாடு மேய்க்கப் போனவர்கள் மேல் ஏறின. படுத்திருந்த ஆடு மாடுகளின் கண்களைத் தாக்கியதில் சில கால்நடைகளுக்குப் பார்வையே போனது. காட்டோரம் குடியிருந்த சிலர் வீட்டை விட்டு ஊருக்குள் இறங்கி வந்துவிட்டார்கள்.

வந்த எறும்பின் பெயர் மஞ்சள் கிறுக்கு எறும்பு. அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிப்ஸ். நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர், நீண்ட கால்கள். தொந்தரவு செய்தால் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடும், அதனால்தான் இந்தப் பெயர். இதற்குக் கொடுக்கு கிடையாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் ஐந்து எறும்புகள் இருக்கின்றன. இது அதில் ஒன்று. அதே பட்டியலில் இன்னொன்று, உலகப் புகழ் பெற்ற சிவப்பு நெருப்பு எறும்பு, அதாவது சொலெனாப்சிஸ் இன்விக்டா. சொந்த ஊர் தென் அமெரிக்கா. இதற்குக் கொடுக்கு உண்டு. கொட்டினால் நெருப்பு வைத்தது மாதிரி எரியும், மறுநாள் சீழ்க்கொப்புளம் வரும். இது இந்தியாவில் காலூன்றியதாக உறுதியான பதிவு இல்லை. ஆனால் இதன் நெருங்கிய உறவான சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா ஏற்கெனவே இங்கே குடியேறிவிட்டது.

ஸ்ப்ரே அடித்தால் ஏன் போகாது?

நாம் வெளியே பார்க்கும் எறும்புகள் இரை தேடி வரும் வேலைக்காரர்கள் மட்டும்தான். கூட்டின் ஒரு பகுதிதான் அது. ராணி மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கும். ஒரு நெருப்பு எறும்பு ராணி ஒரு நாளைக்கு 1,000 முட்டைக்கு மேல் இடும். நீங்கள் 500 எறும்பைக் கொன்றால் அந்த இழப்பை ராணி அரை நாளில் ஈடுகட்டிவிடும். கிறுக்கு எறும்புக் கூட்டிலோ ஒரு ராணி இல்லை, பல ராணிகள். பக்கத்துப் பக்கத்துக் கூடுகள் சண்டை போடாமல் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய சாம்ராஜ்யம் ஆகிவிடும். இதைத்தான் சூப்பர் காலனி என்கிறார்கள்.

அப்போ ராணியை எப்படி அடைவது? எறும்புகள் சாப்பாட்டை வாய்விட்டு வாய் பரிமாறிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தையே ஆயுதமாக்கியதுதான் மருந்து கலந்த இரை. நெருப்பு எறும்புக்கு சோயா எண்ணெயில் மருந்தைக் கரைத்து, உடைத்த மக்காச்சோளக் குருணையில் ஊறவைத்துத் தூவுகிறார்கள். மருந்து உடனே கொல்லக் கூடாது. வேலைக்கார எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போய், புழுக்களுக்குக் கொடுத்து, கடைசியில் ராணியின் வாய்க்குப் போய்ச் சேரும் வரை அது உயிரோடு இருக்க வேண்டும். அதாவது மெதுவாகக் கொல்லும் மருந்துதான் நல்ல மருந்து! கடையில் வாங்கும் ஸ்ப்ரேயின் விளம்பரம் சொல்வதற்கு நேர் எதிர்.

எந்த மருந்து, எவ்வளவு அளவு, எந்த எறும்புக்கு எந்த இரை பிடிக்கும், தேனீயும் நாட்டு எறும்பும் அதைத் தின்றால் என்ன ஆகும்? இதெல்லாம் பல வருட ஆராய்ச்சி. முதல் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. இனி காசுக் கதைக்கு வருவோம்.

காசு இருந்தது, ஆராய்ச்சி இல்லை: அமெரிக்கா

சிவப்பு நெருப்பு எறும்பு 1930-களில் அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. பின்னாளில் உலகின் பெரிய எறும்பு நிபுணரான எட்வர்ட் வில்சன், 1942-ல் பள்ளி மாணவராக இருந்தபோதே அந்தத் துறைமுகத்துக்கு அருகில் இதைப் பார்த்துப் பதிவு செய்தார்.

1957-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதை ஒழிக்க 24 லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அந்தக் காசு போன வழிதான் பிரச்சினை. ஹெப்டாகுளோர், டைஎல்ட்ரின் என்ற கடுமையான மருந்துகளை விமானத்திலிருந்து ஏக்கர் ஏக்கராகத் தூவினார்கள். பறவைகள், மீன்கள், வீட்டுப் பிராணிகள் செத்தன. கூடவே அந்த ஊர் எறும்புகளும் அழிந்தன. போட்டிக்கு ஆள் இல்லாத காலி நிலத்தில் வேகமாகத் திரும்பி வந்தது யார்? நெருப்பு எறும்பேதான். ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய மௌன வசந்தம் புத்தகத்தில் இந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார். அடுத்து வந்த மைரெக்ஸ் என்ற மருந்தும் மண்ணிலும் உயிர்களிலும் தங்குகிறது என்று தெரிந்து 1970-களின் கடைசியில் தடையானது.

அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சிக்கு முழு கவனம் கிடைத்தது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் தென் அமெரிக்காவுக்குப் போய், அங்கே இந்த எறும்பை அடக்கி வைப்பது எது என்று தேடியது. கிடைத்தது ஒரு குட்டி ஈ, சூடாக்டியான். அது எறும்பின் உடலில் முட்டையிடும். புழு எறும்பின் தலைக்குள் போய் வளரும், கடைசியில் தலை தனியாகக் கழன்று விழும். 1997 முதல் இந்த ஈக்களை விட ஆரம்பித்தார்கள். ஈ கொல்வது கொஞ்சம்தான். ஆனால் ஈ பறப்பதைப் பார்த்தாலே எறும்புகள் இரை தேடுவதை விட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும். அந்த இடைவெளியில் உள்ளூர் எறும்புகளுக்குச் சாப்பாடு கிடைக்கும்.

முதலில் மருந்து, பிறகு ஆராய்ச்சி. இந்த வரிசை தப்பு என்பதுதான் அமெரிக்கா கொடுத்த பாடம்.

எறும்பைத் தொடாமல் எறும்பை அடக்குவது: கிறிஸ்துமஸ் தீவு

கரந்தமலைக்கு வந்த அதே கிறுக்கு எறும்பு, இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கும் மேற்பட்ட சிவப்பு நண்டுகளைக் கொன்றது. சூப்பர் காலனி இருந்த இடங்களில் ஒரு சதுர மீட்டரில் 2,000 எறும்புக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள்.

இவ்வளவு எறும்புக்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மரத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு செதில் பூச்சி இருக்கிறது. அது வெளியேற்றும் இனிப்பு நீர்தான் எறும்பின் சாப்பாடு. எறும்பு அந்தப் பூச்சிக்குக் காவல் காக்கும். நம்ம ஊர் விவசாயிகளுக்கு இது புதுசு இல்லை. மாவுப்பூச்சி பிடித்த செடியில் எறும்பு ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்போ பூச்சியைக் குறைத்தால் எறும்புக்குச் சாப்பாடு குறையும். மலேசியாவில் அந்தப் பூச்சியை மட்டும் தாக்கும் 2 மில்லிமீட்டர் குளவி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது வேறு எதையும் தாக்காது என்று வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்த பிறகுதான் 2016 டிசம்பரில் தீவில் விட்டார்கள். இதற்கெல்லாம் ஆஸ்திரேலிய தேசியப் பூங்கா நிர்வாகம் தொடர்ந்து நிதி கொடுத்தது. நம்ம சப்ஜெக்ட் மொழியில் சொன்னால், அவுட்புட்டை அடித்துக்கொண்டிருக்காமல் இன்புட்டை நிறுத்தினார்கள்.

நம்மாலும் முடியும்: பப்பாளி மாவுப்பூச்சி

"அதெல்லாம் வெளிநாடு, இங்கே நடக்காது" என்று சொல்ல வருகிறீர்களா? இங்கேயே நடந்திருக்கிறது.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகப் பதிவானது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வரிசையாகத் தாக்கியது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் ஆய்வகம் (இன்றைய பெயர் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம்) 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. சோதனை முடிந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மற்ற இரண்டையும் விட நன்றாக வேலை செய்தது. சுமார் ஒரு வருடத்தில் மாவுப்பூச்சி அடங்கியது. முதல் 5 வருடங்களில் இதனால் கிடைத்த நன்மை 50 கோடி டாலருக்கு மேல் என்று பின்னர் ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது.

2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தபோதும் இதே கதைதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை விட்டார்கள்.

இரண்டு முறையும் ஏன் இரண்டே வருடத்தில் விடை கிடைத்தது? வேறு நாடுகள் முன்பே காசு போட்டு அந்தக் குளவிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தன. அதை வாங்கிச் சோதிக்க நம்மிடம் ஆய்வகமும் ஆட்களும் தயாராக இருந்தார்கள். பூச்சி வந்த பிறகு ஆய்வகம் கட்ட ஆரம்பித்திருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

கிறுக்கு எறும்புக்கு அப்படி ரெடிமேட் விடை எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் தீவின் குளவியை அப்படியே கரந்தமலையில் விடவும் முடியாது. இங்கே எந்தப் பூச்சி எந்த மரத்தில் எறும்புக்குச் சாப்பாடு போடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது இந்தக் காட்டில், இங்கே உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

சட்டத்தில் ஒரு சின்ன சிக்கல்

2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதன்முறையாக ஆக்கிரமிப்பு அந்நிய உயிரினம் என்றால் என்ன என்று வரையறுத்தது. இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத விலங்கு அல்லது செடி என்கிறது அது. ஆனால் கிறுக்கு எறும்பின் தாயகம் ஆசியாவா ஆப்பிரிக்காவா என்பதே விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம். ஆக, சட்டத்தைப் பயன்படுத்தவே மரபணு ஆராய்ச்சி வேண்டும்! தமிழ்நாடு அரசும் அதே 2022-ல் உண்ணிச்செடி, சீமைக் கருவேலம் போன்ற அந்நியத் தாவரங்களுக்காகத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நல்ல விஷயம். பூச்சிகளுக்கும் எறும்புகளுக்கும் அதே மாதிரி ஒன்று வர வேண்டும்.

இதில் நமக்கு என்ன வேலை?

குமணன்சாவடியில் ரோட்டோரம் பத்து நிமிடம் நின்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் எத்தனை என்று எண்ணலாம். உலகம் முழுக்க எறும்புகள் ஊர் விட்டு ஊர் போவது இப்படித்தான்: கன்டெய்னர், மரப் பேலட், தொட்டிச் செடியின் மண். இறக்குமதியாகும் செடி கொடிகளைச் சோதிக்க மீனம்பாக்கத்தில் மத்திய அரசின் தாவரத் தடுப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பேலட்டையும் மனிதக் கண்ணால் பார்க்க முடியாது. இங்கேதான் இன்ஜினியரிங் வருகிறது.

ஆஸ்திரேலியாவில் 2001-ல் பிரிஸ்பேனில் நெருப்பு எறும்பு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே புற்றுகளைத் தேட மோப்ப நாய்களோடு, ஹெலிகாப்டரில் கட்டிய வெப்பக் கேமராவையும் பயன்படுத்துகிறார்கள். 2023 முதல் 2027 வரை அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 59.3 கோடி ஆஸ்திரேலிய டாலர். பரவிய பிறகு செலவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இன்னொரு உதாரணம் மெக்கானிக்கல் நண்பர்களுக்காக. வெள்ளம் வந்தால் நெருப்பு எறும்புகள் ஒன்றையொன்று கால்களாலும் தாடைகளாலும் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்குள் உயிருள்ள தெப்பம் ஆகிவிடும். இடையில் காற்று சிக்குவதால் மூழ்காது. 2011-ல் இதை அளந்து கட்டுரை வெளியிட்டவர்கள் ஜார்ஜியா டெக் இயந்திரவியல் துறைக்காரர்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்கு, வெள்ளத்தில் மிதந்து பரவும் எறும்பு வெறும் பொது அறிவுத் தகவல் இல்லை.

எறும்பின் படத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லும் மாடல், ட்ரோனில் வெப்பக் கேமரா, தேனீக்குக் கிடைக்காமல் எறும்புக்கு மட்டும் இரை கொடுக்கும் டப்பா... இவை எல்லாமே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அளவிலேயே தொடங்கக்கூடியவை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்களுக்கு நிதி உதவி தருகிறது. தொகை சின்னதுதான், ஆனால் அதுவும் அரசு ஆராய்ச்சி நிதிதான். ஜூனியர்கள் அறிவிப்பு வரும்போது விடாதீர்கள்.

சுருக்கமாக

1. எறும்பைக் கொல்வது சுலபம், கூட்டை அழிப்பது கஷ்டம். ராணியை அடையும் வழி ஆராய்ச்சியில்தான் கிடைக்கும்.
2. ஆராய்ச்சி இல்லாமல் செலவழித்த காசு பிரச்சினையைப் பெரிதாக்கும். அமெரிக்கா சாட்சி.
3. ஆய்வகம் முன்பே தயாராக இருந்தால் இரண்டு வருடத்தில் விடை கிடைக்கும். கோயம்புத்தூர் சாட்சி.
4. எறும்புக் கூட்டம் சில நேரம் தானாகவே குறையும். செய்தி நின்றுவிடும். அப்போது நிதியும் நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் அடுத்த முறை வருவதற்குள் படிக்கக் கிடைக்கும் நேரம் அதுதான்.

உங்கள் தெருவில் இதுவரை பார்க்காத எறும்புக் கூட்டத்தைக் கண்டால் உடனே பெட்ரோல் ஊற்றாதீர்கள். கிட்டே போய்த் தெளிவாக ஒரு போட்டோ எடுங்கள், தேதியும் இடமும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள். மொபைல் துறைமுகத்தில் ஒரு பள்ளி மாணவர் 1942-ல் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். அவரிடம் கேமரா ஃபோன் கூட இல்லை.